பெருமுக்கல் கோட்டையும் பொறாமையும்

திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் 1760இல் ஆங்கிலேயரிடம் இழந்தனர். அவ்வீழ்ச்சிக்குப் பீரங்கிகள் மட்டுமே காரணமல்ல. தக்காணத்தில் செல்வாக்கோடு விளங்கிய புஸ்ஸியைத் தளபதி லாலி 1758இல் திரும்ப அழைத்தார். அவருடைய ஆலோசனையையும் புறக்கணித்தார். மறு ஆண்டே மசூலிப்பட்டினம் பறிபோயிற்று; 1761இல் புதுச்சேரியும் வீழ்ந்தது. உடன் பணிபுரிவோர் ஒருவரையொருவர் நம்பாவிடில் தோற்பது பொதுக்காரியமே.

ஆயினும், சக ஊழியரின் பொறாமையால் துன்புறுவோரிடம் "ஸப்ர் செய்யுங்கள்" என்று மட்டும் கூறி ஒதுங்குவோர் நம்மிடையே உளர். அநீதிக்கு வாய்மூடியிருப்பது ஸப்ர் ஆகாது. புறம்பேசி ஆறுதல் தேடுவதும் மார்க்கம் தடுத்த பாவமே.

பொறாமைக்காரனின் தீங்கிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேட ஸூரத்துல் ஃபலக் கற்பிக்கிறது. துஆவோடு முயற்சியும் வேண்டும். செய்த பணியை எழுத்தில் பதிவு செய்வோம். மனக்குறையை அவரிடமே தனிமையில் பேசுவோம். தம் இடம் பறிபோகுமோ என்னும் அச்சமே பல வேளை பொறாமையாகிறது. ஆகவே அவருடைய உழைப்பைப் பலர்முன் பாராட்டுவோம். அவதூறு தொடர்ந்தால் சான்றுகளோடு மேலதிகாரியிடம் முறையிடுவோம்.

அதற்குமுன் ஒரு கேள்வி: நம் அலுவலகத்தில் புஸ்ஸி யார், லாலி யார்?