கிளிக்கிக்கு ஸ்வரம் வைக்கலாமா?

மேற்கு மாம்பலம் ஆரிய கவுடா சாலையில் அயோத்தியா மண்டபத்தைத் தாண்டும்போது ருத்ரம் ஒலித்தால் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். அர்த்தம் புரியாவிட்டாலும் பரவாயில்லை. குரல் மூன்றே படிகளில் ஏறி இறங்குவது காதில் விழும். பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை.

புதிதாக ஒரு மொழியை உருவாக்க ஆசைப்படுபவர்களுக்கு அந்த மூன்று படிகளில் நல்ல பாடம் இருக்கிறது.

மொழியை உருவாக்க முடியுமா என்று கேட்கவேண்டாம். 'பாகுபலி' படத்தில் (2015) காலகேயர்கள் பேசிய கிளிக்கி, மதன் கார்க்கி உருவாக்கியதுதான். அதில் 'மின்' என்றால் நான். திருப்பிப் போட்டால் 'நிம்', அதாவது நீ. அழகான யோசனை! சரி, இப்படி ஒரு மொழியில் எழுத்தை மாற்றாமல், குரலின் ஏற்ற இறக்கத்தால் மட்டும் பொருளை மாற்றவேண்டுமென்றால்?

தமிழ்க் காதுக்கு இது புதுசு. 'அப்படியா' என்பதை நாம் ஆச்சரியமாகவும் சொல்லலாம், எரிச்சலாகவும் சொல்லலாம். சொல்லின் பொருள் மாறாது. டோக்கியோவில் மாறும். 'ஹஷி' என்பதில் முதல் அசை உயர்ந்தால் சாப்பிடும் குச்சி, இரண்டாவது உயர்ந்தால் பாலம்.

வேத மொழியும் இந்த ரகம்தான். உயர்வது உதாத்தம், தாழ்வது அனுதாத்தம், உயர்ந்து இறங்குவது ஸ்வரிதம். பாணினியின் விதி சிக்கனமானது: ஒரு சொல்லில் பொதுவாக ஒரே ஓர் அசைக்குத்தான் உதாத்தம். மற்றவை தாழும், உதாத்தத்தை அடுத்து வரும் அசை பெரும்பாலும் ஸ்வரிதமாகிவிடும். ஆக, ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும், அக்கம்பக்கம் தானாக அமையும். எல்லா அசைக்கும் தனித்தனியாகக் குறித்துவைத்தால் மொழியை உருவாக்கியவருக்கே மறந்துபோகும்.

வாக்கியத்துக்குள் வந்தால் இன்னொரு நுட்பம். தலைமை வாக்கியத்தின் நடுவில் வரும் வினைச்சொல் தன் உதாத்தத்தை இழந்துவிடும். சார்பு வாக்கியத்தில் இழக்காது. எது முக்கிய வாக்கியம், எது அதைச் சார்ந்தது என்பதைக் குரலே காட்டிக்கொடுக்கும்.

இடம் தப்பினால் என்ன ஆகும்? துவஷ்டாவின் கதையைக் கேளுங்கள். மகனைக் கொன்ற இந்திரனைப் பழிவாங்க யாகம் செய்து, 'இந்திரசத்ரு' வளரட்டும் என்றான். கடைசி அசையை உயர்த்தியிருந்தால் 'இந்திரனைக் கொல்பவன்'. அவன் உயர்த்தியது முதல் அசையை. 'இந்திரனால் கொல்லப்படுபவன்' என்றாகிவிட்டது! பிறந்த விருத்திரன் இந்திரன் கையாலேயே மாண்டான். இலக்கணம் ஏன் படிக்கவேண்டும் என்பதற்குப் பதஞ்சலி தன் மகாபாஷ்யத்தில் காட்டும் உதாரணம் இது.

இவ்வளவு கட்டுக்கோப்பான ஏற்பாடு, பேச்சு சமஸ்கிருதத்திலிருந்து காலப்போக்கில் மறைந்தே போனது. காளிதாசனைப் படிக்க ஸ்வரம் தேவையில்லை. பாராயணத்தில் மட்டும் தங்கியது, அதுவும் சற்று இடம் மாறி. தமிழ்நாட்டில் அதிகம் ஓதப்படும் கிருஷ்ண யஜுர் வேதத்தில் இன்று உச்சத்தில் ஒலிப்பது ஸ்வரிதம். 'உயர்ந்தது' என்று பெயர் வாங்கிய உதாத்தம் நடுப்படியில் நிற்கிறது. புத்தகத்தில் அதற்குக் குறியே கிடையாது. அனுதாத்தத்துக்குக் கீழே ஒரு கோடு, ஸ்வரிதத்துக்கு மேலே ஒரு கோடு, அவ்வளவுதான்.

கோட்டைப் பார்த்து யாரும் கற்றுக்கொள்வதில்லை. கேரள நம்பூதிரி மரபில் ஆசான், மாணவனின் தலையைப் பிடித்துக் குனியவைத்தும் நிமிர்த்தியும் திருப்பியும் ஸ்வரத்தைப் பழக்குவார்.