கொய்யாவுக்குச் சட்டை போடுங்க, குருவிக்குத் தூக்குக்கயிறு போடாதீங்க!

வீட்டுக் கொய்யா மரத்து மேல பழைய மீன்வலையை இழுத்துப் போர்த்திட்டு, "இனிமே ஒரு குருவி வாய் வைக்குதா பாக்கறேன்"னு மீசை முறுக்கற பெரம்பலூர், அரியலூர் மகராசர்களுக்கு இந்தக் கட்டுரை சமர்ப்பணம். திட்டணும்னுதான் உக்காந்திருக்கேன். அதனால மென்மையா இருக்காது, மன்னிச்சுக்கோங்க :-)

முதல்ல ஒரு பொது அறிவுத் துணுக்கு. தாவரவியல் கணக்குப்படி கொய்யா ஒரு பெர்ரி. தக்காளி, கத்திரிக்காய்கூட பெர்ரிதான். ஆனா பேர்லயே பெர்ரியை வெச்சுக்கிட்டு அலட்டற ஸ்ட்ராபெர்ரி, பெர்ரி கிடையாது! வெளிநாட்டுக்காரன் தோட்டத்து பெர்ரியைக் குருவிகிட்ட இருந்து காப்பாத்தப் படற அதே பாட்டைத்தான் நாம கொல்லைப்புறக் கொய்யாவுக்குப் படறோம். கிளி, மைனா, கொண்டைக்குருவி, குயில், அணில், ராத்திரியானா பழந்தின்னி வௌவால்... பட்டியல் பெருசு. நஷ்டம் உண்மைதான், நான் மறுக்கல.

என் சண்டை வலையோடதான். அந்த மெல்லிசு நைலான் நரம்பு குருவி கண்ணுக்குச் சரியாத் தெரியாது. தலையோ காலோ உள்ள போயிட்டா, உதற உதற இறுகும். எங்க தெருவுல ஒரு வீட்டு வலையில போன கோடையில ஒரு கொண்டைக்குருவி மாட்டி, யாரும் பாக்கறதுக்குள்ள வெயில்லயே செத்துத் தொங்குச்சு. அடுத்த மாசம் அதே வலையோட தரையில கிடந்த ஓரத்துல ஒரு சாரைப்பாம்பு. எலி பிடிக்கிற பாம்புங்க அது! வீட்டுக்காரர்கிட்ட கேட்டா, "அது ஏன் இங்க வந்துச்சு?"ன்னு என்னையே திருப்பிக் கேக்கறார்.

சரி, இவ்வளவு பாவத்தைக் கட்டிக்கிட்டாவது பழம் முழுசாக் கெடைக்குதா? அதுவும் இல்ல. கொய்யாவுக்குப் பெரிய வில்லன் கிளி இல்ல, பழ ஈ. காய் பழுக்கற நேரத்துல தோலுக்கு அடியில முட்டை வெச்சுட்டுப் போயிடும். வெளிய பாத்தா தளதளன்னு இருக்கும், பிட்டுப் பாத்தா உள்ள புழு நெளியும். மீன்வலைக் கண் வழியா ஈ ராஜநடை போட்டுப் போகும். ஆக, குருவி செத்ததுதான் மிச்சம், பழம் புழுவுக்கு!

இதுக்கு மருந்து எங்க அப்பாயி கைவேலை. மரத்தை மூடாதே, பழத்தை மூடு. காய் எலுமிச்சம்பழ அளவுக்கு வந்ததும் ஒரு துணிப்பையைத் தொளதொளன்னு மாட்டி, காம்போட சேர்த்து நூலாலயோ வாழைநாராலயோ கட்டிடறது. துணி காயோட ஒட்டக்கூடாது. பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம், நம்ம ஊர் வெயிலுக்கு உள்ள வேர்த்து அழுகிடும். பேப்பர் பையும் போடலாம், ஆனா ஒரு மழைக்குத் தாங்காது.

பி.காம் படிக்கிறவன் கணக்குப் போடலைன்னா எப்படி? நாலு முழ வேட்டின்னா சுமாரா 2 மீட்டர் நீளம், 1.27 மீட்டர் அகலம். 50-க்கு 25 செ.மீ. துண்டா வெட்டி ரெண்டா மடிச்சுத் தைச்சா 20 பை. கிழிஞ்ச வேட்டிக்கு விலை பூஜ்யம், நூல் மட்டும்தான் செலவு. துவைச்சு வெச்சா அடுத்த போகத்துக்கும் ஆகும். மல்பெரி மாதிரி பொடிப் பழத்துக்கு ஒவ்வொண்ணா பை போட முடியாதுதான். அதுக்குப் பிஞ்சு பிடிச்ச அப்புறம் பழைய கொசுவலைத் துணியை அந்தக் கிளைக்கு மட்டும் உறை மாதிரி மாட்டி, வாயை இறுக்கிக் கட்டுங்க.

"இதெல்லாம் யாருக்குய்யா நேரம் இருக்கு?"ன்னு ஒரு குரல் கேக்குது. வீட்டுக்கு ஒரு மரம், ரெண்டு மரம். கைக்கு எட்டற காய்க்கு மட்டும் கட்டுங்க, ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேர வேலை. எட்டாத உச்சிக்கிளைப் பழத்தை எப்படியும் நீங்க பறிக்கப் போறதில்ல, அது குருவிக்கு இருந்துட்டுப் போகட்டும். "கிளி துணியைக் கிழிக்காதா?" சில நேரம் கிழிக்கும். இருபதுல ரெண்டு போனா அதை வசூலாகாத கடன்னு எழுதிட்டுப் போங்க சார்! அதே மைனா வருஷம் பூரா நம்ம தோட்டத்துல புழு பூச்சி பொறுக்கித் தின்னுதே, அந்த வரவை உங்க பேரேட்டுல எந்தப் பக்கம் எழுதினீங்க? பற்று மட்டும் எழுதிட்டு வரவை மறைக்கிறதுக்குப் பேரு கணக்கு இல்ல, மோசடி.

ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல 2021 செப்டம்பர் 1-ல இருந்து, வீட்டுப் பழமரத்துக்குப் போடற வலையோட கண், நல்லா இழுத்துப் பிடிச்சாலும் 5-க்கு 5 மில்லிமீட்டருக்கு மேல இருக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. விரல் உள்ள நுழைஞ்சா அந்த வலை ஆகாது, அவ்வளவுதான் சோதனை. நமக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல. குறிஞ்சிப்பாட்டுல தினைப்புனம் காக்கிற பொண்ணுங்க கையில கபிலர் கொடுத்த தழல், தட்டை, குளிர் எல்லாமே சத்தம் போட்டுக் கிளியை விரட்டற கருவிங்க. விரட்டினாங்க, தூக்குல போடல.

அரியலூர் மாவட்டத்து கரைவெட்டி ஏரி 2024 ஜனவரியில ராம்சார் பட்டியல்ல சேர்ந்தப்போ, எல்லார் வாட்ஸப் ஸ்டேட்டஸ்லயும் பறவைப் படம்தான். இமயமலையைத் தாண்டி வர்ற வரித்தலை வாத்துக்கு "வருக வருக"ன்னு பேனர் வைக்கிற மனசு, நம்ம கொல்லையில பொறந்து வளர்ற கொண்டைக்குருவிக்கு மட்டும் சுருக்குக் கயிறு மாட்டுமா? தூரத்துல இருக்கிற பறவைதான் பெருமை, பக்கத்துல இருக்கிறது திருட்டுப்பயலா?

அதனால இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை. உங்க மரத்துல இருக்கிற வலைக்கண்ணுல சுண்டு விரலை விட்டுப் பாருங்க. உள்ள போச்சுன்னா, கத்திரிக்கோலை எடுத்து வலையை வெட்டி எறிஞ்சுட்டு, அப்பாவோட பழைய வேட்டியைத் தேடுங்க.

(அப்பாகிட்ட கேட்டுட்டு வெட்டுங்க. அதுக்கு நான் பொறுப்பில்ல!)