ஏழு மணிக்குப் பின், எட்டு மணிக்கு முன்: தங்கவயல் மாணவர்களின் வேலையும் நட்பும்

"பள்ளி போக மீதி நேரத்தில் ஒரு வேலைக்குப் போனால் பிள்ளைக்குப் பொறுப்பு வரும், கூட்டாளிகளோடு திரிந்தால் கெட்டுப்போவான்." ராபர்ட்சன்பேட்டையில் கடைக்காரர், ஆசிரியர், உறவினர் என யார் வாயிலும் எளிதாக வந்துவிடும் தீர்ப்பு இது. உழைப்பைப் பாடமென்றும் நட்பை வீண்பொழுதென்றும் பிரிப்பது இதன் முதற்பிழை. வறுமையை ஒழுக்கத்தின் கேள்வியாக்கிவிடுவது இரண்டாம் பிழை.

இத்தீர்ப்புக்கு வழக்கமாக அழைக்கப்படும் சாட்சி அப்துல் கலாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஓடும் இரயிலிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைச் சிறுவன் கலாம் சேகரித்துக் கொடுத்த கதை, தன்முனைப்பு மேடைகளில் சலிக்காமல் சொல்லப்படுகிறது. ஆனால் அதே 'அக்கினிச் சிறகுகள்' நூலில் இராமநாத சாஸ்திரி, அரவிந்தன், சிவப்பிரகாசன் என்னும் மூன்று பள்ளித் தோழர்களும் இருக்கிறார்கள். சாஸ்திரியின் அருகிலிருந்து கலாமை எழுப்பிப் பின்வரிசைக்கு அனுப்பிய ஆசிரியர், தோழனின் தந்தையால் கண்டிக்கப்பட்ட நிகழ்வும் இருக்கிறது. மேடைப் பேச்சாளர்கள் கட்டுகளை எடுத்துக்கொண்டு தோழர்களை விட்டுவிடுகிறார்கள். அந்தச் சிறுவனை ஊன்றி நிற்கவைத்தவற்றுள் எது பெரிதென்று அவர்கள் கேட்பதே இல்லை.

இனி, சட்டத்தின் கடிகாரம். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபின், 14 வயது நிறைந்து 18 நிறையாத வளரிளம் பருவத்தினர் அபாயமற்ற தொழில்களில் வேலை செய்யலாம். ஆயின் மாலை 7 மணிக்கும் காலை 8 மணிக்கும் இடையே அவர்களை வேலை வாங்கக் கூடாது. மிகைநேரப் பணி கூடாது. வாரத்தில் ஒருநாள் விடுமுறை வேண்டும். மாலை நாலரைக்குப் பள்ளி விட்டால் ஏழு மணிவரை மீந்திருப்பது இரண்டரை மணிநேரம். கடைவீதியோ ஏழு மணிக்குமேல்தான் சூடுபிடிக்கிறது. செய்தித்தாள் போடுவது விடியற்காலை வேலை. கல்யாண மண்டபத்தில் பரிமாறுவது இரவு வேலை. துணிக்கடையில் மடித்து அடுக்குவது கடை சாத்தும் நேரத்து வேலை. 'பகுதிநேர வேலை' என்று மெச்சப்படுபவற்றுள் பெரும்பகுதி, பள்ளி நாள்களில், சட்டம் தடுத்த நேரத்தில்தான் நடக்கிறது. மெச்சுவோருக்கு இது தெரியாது; அல்லது தெரிந்துகொள்ள விருப்பமில்லை.

தங்கவயலில் இக்கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டபின், ஊரின் உழைப்பு மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் இரயிலேறிப் பெங்களூருக்குப் போகத் தொடங்கியது. இருள் பிரியுமுன் புறப்படும் பெற்றோர் இருட்டியபின் திரும்புகிறார்கள். இடைப்பட்ட பொழுதில் லைன் வீட்டுப் பிள்ளைக்குத் துணை யார்? தவறிய பாடத்தைச் சொல்லித்தருபவர், தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளை நினைவூட்டுபவர், வீட்டில் தமிழும் வகுப்பில் கன்னடமுமாகத் தடுமாறுபவருக்குக் குறிப்பேட்டை நீட்டுபவர், எல்லாரும் உடன்படிக்கும் தோழரே. கல்லூரி கண்டிராத குடும்பத்தில் தனிப்பயிற்சி, வழிகாட்டி, காவல் என்னும் மூன்று பணிகளையும் கூலியின்றிச் செய்வது நட்பு. மாலையை விலைக்கு வாங்கும் முதலாளி இவற்றையும் சேர்த்தே வாங்குகிறார். கொடுக்கும் கூலியில் இவற்றுக்கு விலை இல்லை.

"வெளிநாட்டில் மாணவர்கள் வேலை செய்வதில்லையா?" என்பார்கள். செய்கிறார்கள். அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் 1988இல் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு ஜெய்லன் மார்ட்டிமர் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, மிதமான நேர, நிலையான வேலை பலருக்கு நன்மையே செய்ததைக் காட்டியது. அங்கே மிதத்துக்கு வைக்கப்பட்ட எல்லை வாரத்துக்கு 20 மணிநேரம். அம்முடிவை ஏற்பவர் அந்த எல்லையையும் ஏற்க வேண்டும். எல்லையை அழித்துவிட்டு நன்மையை மட்டும் இறக்குமதி செய்வது ஆய்வாகாது.

"வீட்டுக்குப் பணம் வேண்டுமே" என்னும் மறுப்பு மட்டுமே மதிப்புடையது. அதற்கு விடை பிள்ளையைக் கடிவதன்று; பெற்றோரின் நிரந்தரமற்ற கூலியையும் 14 வயதோடு நின்றுவிடும் கட்டாயக் கல்வி உரிமையையும் கேள்விக்குட்படுத்துவது. கல்வி உதவித்தொகை பள்ளி ஆண்டு முடியுமுன் கைக்கு வரவேண்டும். மாலையில் பள்ளிகள் படிப்பறைகளாகத் திறந்திருக்க வேண்டும். நேரம் மீறும் முதலாளியே சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆய்வாளர்களுக்கும் இதில் பங்குண்டு. வேலை நேரத்தையும் கூலியையும் வருகைப் பதிவையும் எண்ணும் வினாநிரல், பிள்ளை கடைசியாக எந்த மாலையில் தோழரோடு அமர்ந்து படித்தது என்று கேட்பதில்லை. அயோத்திதாசரின் 'தமிழன்' இதழை அவர் மறைவுக்குப்பின் 1926இல் அப்பாதுரையார் மீண்டும் நடத்தியது இந்தத் தங்கவயலிலிருந்துதான். சங்கமோ இதழோ, மனிதர் கூடிப் பேச ஒருவேளை இல்லாத ஊரில் பிறப்பதில்லை. அந்த வேளையைப் பதினைந்து வயதிலேயே விற்கச் செய்துவிட்டு, அதற்குப் 'பொறுப்பு' என்று பெயரிடுவது கல்வியாளர்க்கு அழகன்று.