குட்டி பெருகினால் போதுமா?

ராஜஸ்தானில் அவிகாநகரிலுள்ள மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையம், ஹார்மோன் தோய்ந்த பஞ்சை உள்நாட்டிலேயே தயாரித்திருக்கிறது. அதைப் பெட்டை ஆட்டின் பிறப்புறுப்பில் சுமார் 12 நாள் வைத்தெடுத்து, ஊசியும் போட்டால், இரண்டொரு நாளில் பெரும்பாலான ஆடுகள் ஒருசேரப் பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். சில ஆடுகள் இரட்டைக் குட்டி ஈனும். வரவேற்கத்தக்க முன்னேற்றம்தான்.

ஆனால், மெலிந்த தாய்க்கு ஹார்மோன் தீனியாகாது. மேய்ச்சல் வற்றிய கோடையில் இரட்டை பிறந்தால், பால் போதாமல் ஒன்று சாகும். சில வேளை தாயும் சாகும். மந்தையோடு ஊர் ஊராக அலையும் மராட்டியத்தின் தங்கர் இன மேய்ப்பர்களைப் போன்ற ஏழைகளுக்கே அந்த நஷ்டம்.

பஞ்சும் ஊசியும் தரும் அரசுகள், சினை ஆட்டுக்குப் புண்ணாக்கும், ஈனும் வாரத்தில் கால்நடை டாக்டரும் கிடைக்கச் செய்ய வேண்டும். பிழைத்து வளரும் குட்டிதான் மேய்ப்பனுக்கு வருமானம்.