நிறம் விலைக்கு வருமா?



பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு முன் நீல இல்லத்து மாணவன் ஒருவனைச் சிவப்பு இல்லத்திற்கு மாற்றிப் பாருங்கள். "ஐயா, முதலாம் ஆண்டிலிருந்தே நான் நீலம்" என்று முகம் வாடி நிற்பான். பத்து வயதுப் பிள்ளை அறிந்த இவ்வுண்மை, நம் நாட்டுச் செல்வந்தர் ஒருவருக்கு விளங்க இரண்டரை ஆண்டுகள் பிடித்தன.

வேல்சு நாட்டின் கார்டிஃப் சிட்டி காற்பந்துக் கழகம் 1899-இல் தோன்றியது. நீலச் சட்டையும் நீலப்பறவையும் அதன் அடையாளம். 1927-இல் ஆர்சனலை வென்று எஃப்.ஏ. கிண்ணத்தைக் கைப்பற்றியது. அக்கிண்ணம் இங்கிலாந்தை விட்டு வெளியே சென்றது அந்த ஒரே முறைதான்.

அக்கழகம் 2010-இல் மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டான் கைக்கு வந்தது. 2012-இல் அவர் நீலத்தைச் சிவப்பாக்கினார். சின்னத்தில் டிராகன் பெரிதாக எழுந்தது. நீலப்பறவை அதன் கீழே சிறிதாக ஒடுங்கியது. ஆசியச் சந்தையில் சிவப்பு எடுபடும் என்பது கணக்கு.

"பணம் போட்டவர் அவர், அவர் விருப்பம்" என்று இங்கே பலர் வாதிட்டனர். அவ்வாதத்தை நான் ஏற்கவில்லை. கடனில் தவித்த கழகத்தை அவர் பெரும்பொருள் கொடுத்துத் தாங்கினார் என்பது உண்மையே. அதற்கு நன்றி பாராட்டுவது கடமை. ஆனால், பணம் பங்குகளை வாங்கும். பாட்டனும் தந்தையும் மகனும் ஒரே நிறம் அணிந்து மழையில் நின்ற ஆண்டுகளை வாங்குமா? தோற்றாலும் விலகாதே என்று இரசிகனிடம் பற்றுறுதி கேட்கும் உரிமையாளர், அதே உறுதியைக் கழகத்தின் மரபுக்குக் காட்ட வேண்டாமா?

சிவப்பு வெற்றி தந்ததே என்பீர்கள். 2013-இல் பிரிமியர் லீக்கிற்கு உயர்ந்தது மெய்தான். 2014-இல் கடைசி இடம் பெற்று இறங்கியதும் அதே சிவப்பில்தான். 2018-இல் மீண்டும் உயர்ந்தபோது அணிந்திருந்தது நீலம். மறு ஆண்டே இறங்கியது. 2025-இல் மூன்றாம் நிலைக்கே சரிந்தது. ஏற்றமும் இறக்கமும் எந்த நிறத்திலும் வரும். தோல்வியைத் தாங்கும் இரசிகன், தன் கழகம் தன் கழகமாகவே இருக்க வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கிறான்.

இரசிகர்களின் எதிர்ப்பு ஓயவில்லை. 2015 சனவரியில் நீலம் திரும்பியது. ஒற்றுமையின் அருமையைத் தம் தாயார் எடுத்துரைத்ததையும் அவர் அப்போது குறிப்பிட்டார். தவற்றைத் திருத்திக்கொண்டதைப் பாராட்டுவோம். ஆனால், அன்னை சொன்ன அறிவுரையை ஆயிரக்கணக்கான இரசிகர்கள் முன்பே கதறிச் சொன்னார்களே!

கழகமாயினும் பள்ளியாயினும், பொறுப்பில் அமர்பவர் அதன் காவலர், படைத்தவர் அல்லர். பொருள் கொடுப்போரை வணங்குவோம். அடையாளத்தை மட்டும் அவர்களிடம் அடகு வைக்க வேண்டா. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.

சிந்திப்போம்!