அருளா? விலங்கா?

கத்தோலிக்கத் திருச்சபையிலே திருமணம் வெறும் ஒப்பந்தமன்று. ஏழு அருட்சாதனங்களிலே ஒன்று என்கின்றனர். அதனை வழங்குபவர் யார்? போப்பாண்டவரா? மேற்றிராணியாரா? இல்லை! மணமகனும் மணமகளுமே ஒருவருக்கொருவர் வழங்கிக் கொள்கின்றனர். குருவானவர் திருச்சபையின் சார்பில் நிற்கும் சாட்சி. இலத்தீன் மரபின் போதனை இது. இருவரின் மனமொப்பிய சொல்தான் மணத்தைப் படைக்கிறது!

நல்ல கருத்து, நாம் மறுக்கவில்லை. 1563-இல் டிரெண்ட் நகரப் பேரவை, பெற்றோர் சம்மதமின்றி நடந்த மணம் செல்லாது என்போரைக் கண்டித்தது. தந்தையின் ஆணையினும் மக்களின் மனம் பெரிது என்ற துணிவு அது! ஆனால் அதே பேரவை, குருவும் சாட்சிகளும் இல்லாத மணம் இனிச் செல்லாது என்றும் விதித்தது. ஒரு கை திறந்த கதவுக்கு மறு கை பூட்டுத் தேடிற்று!

கேளுங்கள்! கணவன் கொடியவனானால் மனைவி பிரிந்து வாழலாம். மறுமணம் மட்டும், அவன் உயிரோடிருக்கும்வரை, கூடாது. திருச்சபை நீதிமன்றத்தை நாடினால் என்ன ஆராய்வர்? பத்தாண்டுக் கண்ணீரையா? இல்லை! மணநாளன்றே அம்மணத்தில் குறை இருந்ததா என்பதையே! அன்று குறையில்லையெனில், இன்று கொடுமையிருந்தும் கட்டு அவிழாது.

அவிழாதா? அவிழும், ஒரு வழியில்! உடலுறவு நிகழாத மணத்தைத் தக்க காரணம் காட்டினால் போப்பாண்டவர் கலைக்கலாம். உடல் இணையாவிடில் கலையும் மணம், உள்ளம் நொறுங்கினால் கலையாதாம்! அருள் தங்குமிடம் உள்ளமா, உடலா?

ஆதாரம் கேட்டால், எபேசியருக்குப் பவுல் எழுதிய மடலைக் காட்டுவர். அங்கே மறைபொருள் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல், இலத்தீனிலே 'சாக்ரமெந்தும்' ஆயிற்று. அச்சொல்லை வைத்து அருட்சாதனம் என்பது பொருந்தாது என 1520-இலேயே வாதிட்டார் மார்ட்டின் லூதர்.

நம்புவோர் நம்பட்டும்! சாகும்வரை இணைபிரியாது வாழ விரும்புவோரை வாழ்த்துவோம்! ஆனால் கோயிலின் விதி நாட்டின் சட்டமாகும்போது, வாளாவிருத்தல் தகுமா? 1929-இல் முசோலினியின் அரசு வாத்திகனுடன் செய்த உடன்படிக்கை, கோயில் மணத்துக்கு அரசுச் சட்டத்தின் வலுவைத் தந்தது. அம்மணம் செல்லுமா என்று தீர்ப்பளிக்கும் உரிமையையும் திருச்சபைக்கே தந்தது. 1970-இல்தான் இத்தாலியில் மணவிலக்குச் சட்டம் பிறந்தது. அதனை ஒழிக்கத் திருச்சபை முழங்கிற்று. ஆளுங்கட்சித் தலைவர் பன்பானி ஊரூராய்ப் பேசினார். 1974 மே திங்களில் மக்கள் வாக்களித்தனர். 59 விழுக்காட்டினர் சட்டம் நிலைக்கட்டும் என்றனர்! கோயிலுக்குப் போகும் கத்தோலிக்கரும் அவர்களிலே இருந்தனர். அயர்லாந்து 1995-இலும், மால்ட்டா 2011-இலும் வாக்களித்து அவ்வழியே வந்தன.

இருவர் சொல்லால் பிறப்பது மணம். அச்சொல் செத்த பிறகும் பிணத்தைச் சுமக்கச் சொல்வது அருளன்று, விலங்கு! அதை உடைக்கும் உரிமை, அதைப் பூண்ட இருவருக்கே உண்டு!