எங்கள் கொள்ளுத்தாத்தா எந்த மாநிலம்?

பட்டா மாற்றுவதற்காக அப்பா மூலப் பத்திரம் தேடிக்கொண்டிருந்தார். பரணில் இருந்த டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்ததில், ஓரமெல்லாம் பூச்சி அரித்த ஒரு கிரயப் பத்திரம் கிடைத்தது. 1951ல் கொள்ளுத்தாத்தா மனை வாங்கியது. ஆனால் முழுக்க முழுக்கத் தெலுங்கு. எங்கள் வீட்டில் எல்லோரும் தெலுங்குப் படம் பார்ப்போம். படிக்கத்தான் ஒருவருக்கும் தெரியாது.

நான் என்ன செய்தேன்? நம்ம ஆட்கள் வழக்கமாகச் செய்வதைத்தான். கொள்ளுத்தாத்தா பெயரையும் திருத்தணியையும் கூகிளில் போட்டேன். முருகன் கோயில் தரிசன நேரமும் நாலைந்து லாட்ஜ் விலாசமும் வந்தன. குடும்ப வரலாறு தேடுவது எப்படி என்று வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதையும் படித்துப் பார்த்தேன். பழைய சென்சஸைப் பாருங்கள் என்பதுதான் எல்லாவற்றிலும் முதல் யோசனை. அமெரிக்காவில் 72 வருஷம் ஆனால் சென்சஸ் படிவங்களை ஆள் பெயரோடு வெளியிட்டுவிடுகிறார்கள். 1950ஆம் வருஷத்துப் படிவங்கள் 2022ல் வந்தன. இங்கே 1948ஆம் வருஷத்து சென்சஸ் சட்டப்படி தனி ஆள் விவரத்தை யாருக்கும் காட்டக்கூடாது. அந்தக் கதவு சாத்தியாச்சு.

அப்புறம்தான் நூலகம். (போட்டித் தேர்வுப் புத்தகம் எடுக்கப் போன இடத்தில் சும்மா கேட்டேன் என்பதுதான் உண்மை.) நூலகர் அக்காவிடம் கொள்ளுத்தாத்தா பெயரைச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை.

"எந்த வருஷம்ப்பா?"

"1951 அக்கா."

"அப்போ நம்ம ஊரு எந்த ஜில்லா?"

திருவள்ளூர் என்றேன். சிரித்துவிட்டு ஒரு துண்டுச் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 1911க்கு முன்னால் வட ஆற்காடு. 1911லிருந்து சித்தூர் ஜில்லா. 1953 அக்டோபர் 1ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூரோடு நாமும் ஆந்திரா. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கு எல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு, 1959ல் எல்லை மாற்றச் சட்டம், 1960 ஏப்ரல் 1ல் சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டம். 1997ல்தான் திருவள்ளூர். திருத்தணியில் அதே திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு மனுஷன் ரெண்டு மாநிலமும் மூணு ஜில்லாவும் பார்த்திருக்கிறார்!

எல்லைப் போராட்டம் பாடத்தில் படித்ததுதான். எங்கள் டிரங்குப் பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றியதே இல்லை. காகிதம் எந்த ஊர் அலுவலகத்தில் தூங்குகிறது என்பதை ஆள் பெயர் சொல்லாது, வருஷம்தான் சொல்லும். என் கேள்வியையே அக்கா திருத்திக் கொடுத்தார். கூகிள் அதைச் செய்யவில்லை.

அக்காவுக்குத் தெலுங்கு வாசிக்கத் தெரியும். எல்லைப்புறத்தில் இது அதிசயமில்லை. பத்திரத்தின் பின்பக்க முத்திரையில் சார்பதிவாளர் அலுவலகப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, "முதல்ல இங்க போய்க் கேளு" என்றார். இந்தப் பக்கத்து கிராமங்களில் பெரும்பாலானவை கார்வேட்டிநகரம் ஜமீனில் இருந்தவை என்றும் சொன்னார். 1948ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகுதான் அந்த நிலங்கள் ரயத்துவாரி முறைக்கு வந்தன. அதற்கு முந்தைய பட்டாவைத் தாலுகா ஆபீசில் தேடி ஏன் கிடைக்கவில்லை என்று அப்பா ஆறு மாதமாகப் புலம்பியதற்குக் காரணம், ஒரு ஓட்டை மேஜை முன்னால் ரெண்டு நிமிஷத்தில் தெரிந்தது.

பிறகு பாட்டி விஷயம். "எங்க மாமனார் துந்துபி வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் பொறந்தவரு" என்று பாட்டி அடிக்கடி சொல்லும். நாங்கள் யாரும் அதை ஒரு தகவலாகவே மதித்ததில்லை. அக்கா சட்டென்று, "துந்துபின்னா 1922" என்றார். எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1911ல் 'இந்தியன் குரோனாலஜி' என்று ஒரு புத்தகம் போட்டிருக்கிறாராம். திதி, நட்சத்திரத்தை ஆங்கிலத் தேதியாக மாற்றும் அட்டவணைகள், கி.பி. 2000 வரைக்கும். கன்னிமாராவில் கேட்டுப் பார் என்றார். கிருத்திகை 27 நாளுக்கு ஒரு முறை வரும், ஆடிக்கு 31 அல்லது 32 நாள், அதனால் சில வருஷம் ரெண்டு ஆடிக் கிருத்திகை வந்து குழப்பும் என்ற எச்சரிக்கையும் கூடவே. கணக்கு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிறந்த தேதி சரியாகத் தெரியாதது நம்மைப் போன்ற வீடுகளின் குறை என்று நினைத்திருந்தேன். திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனின் பிறந்தநாளைத்தான் நாடே ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறது. அந்த செப்டம்பர் 5, 1888 சரிதானா என்ற சந்தேகத்தை அவர் மகன் சர்வபள்ளி கோபாலே வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். இன்னொன்று, சர்வபள்ளி என்பது நெல்லூர் பக்கத்து ஊர். தெலுங்குக் குடும்பங்களின் வீட்டுப் பெயரில் பல சமயம் பூர்வீக ஊரே ஒளிந்திருக்கும். எங்கள் பத்திரத்திலும் கொள்ளுத்தாத்தா பெயருக்கு முன்னால் ஒரு சொல் இருக்கிறது. பாட்டிக்குக்கூட அது தெரியாது.

இனி என் கருத்து. நம் வீட்டு வரியோடு நூலக வரி என்று 10 சதவீதம் சேர்த்துத்தான் கட்டுகிறோம். பதிலுக்கு நாம் கேட்பதெல்லாம் பேப்பரும் குரூப் 4 கைடும்தான். நூலகர் என்றால் ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்குகிறவர், சத்தம் போட்டால் முறைக்கிறவர். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கன்னிமாராவும் (1896லிருந்து இருக்கிறது) எழும்பூர் ஆவணக் காப்பகமும் சென்னையில் இருக்கின்றன, சரி. ஆனால் அங்கே போய் எதைக் கேட்பது என்று சொல்ல உள்ளூரில் ஒரு ஆள் வேண்டாமா?

கிளை நூலகத்துக்கு ஒரே ஒரு பீரோ போதும். காக்ஸ் 1881ல் தொகுத்து ஸ்டூவர்ட் பிறகு விரிவாக்கிய வட ஆற்காடு மேனுவலின் நகல், சித்தூர், செங்கல்பட்டு கெசட்டியர்கள், பழைய பள்ளி ஆண்டு மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், கல்யாணப் பத்திரிகைகள். சிரிக்காதீர்கள். மூன்று தலைமுறைப் பெயரும் ஊரும் தேதியும் அச்சில் இருக்கும் காகிதம், சாதாரணக் குடும்பத்துக்குக் கல்யாணப் பத்திரிகையை விட்டால் வேறு எது? அதைத்தான் நாம் பழைய பேப்பர்காரருக்கு எடை போடுகிறோம்.

அக்காவிடம் இந்த பீரோ யோசனையைச் சொன்னேன். "பீரோ இருக்குப்பா, சாவிதான் இல்ல" என்றார். சனிக்கிழமை பூட்டு ரிப்பேர்காரரைக் கூட்டிப் போகிறேன். எங்கள் வீட்டுப் பத்திரிகைகள் பதினொன்று தயாராக இருக்கின்றன. பழையது 1968, மஞ்சள் தடவின முனை இன்னும் அப்படியே இருக்கிறது.